கைகட்டி சாரும் வலதுபக்க இருக்கையும்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் விமானங்களைக் கழுவித் துடைப்பது என் வேலை. காலையில் முதல் விமானம் கிளம்பும் முன் அதன் இறக்கைக்குக் கீழே நின்று, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கடவுளிடம் பேசுவேன். பெரிய வேண்டுதல் ஒன்றும் கிடையாது. ஏறினவர்கள் எல்லோரும் நல்லபடியாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சில நாள் அதோடு நிற்காது. மகள் ஞாபகம் வரும், இடுப்பு வலி ஞாபகம் வரும், பக்கத்து வீட்டுக்காரியின் கண் ஆபரேஷன் ஞாபகம் வரும். வேண்டுதல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில் ஒரு நாளும் எந்த இன்ஜினும் சத்தம் போட்டதில்லை. எல்லாம் அவன் கிருபை என்றே நினைத்திருந்தேன். அங்கே படித்த ஒரு பெண், பேசவே கூச்சப்படுகிறவள், ஒருநாள் வாளியைத் தூக்க எனக்குக் கைகொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அக்கா, நீங்க கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் சார் எங்களை ஆயில் பாக்கச் சொல்றார். பாத்துட்டேன் சார்னு சொன்னா, 'இன்னொரு தடவை பாரு'ங்கிறார். அப்புறம் டயரு. அப்புறம் மறுபடியும் ஆயிலு. நீங்க கண்ணைத் திறந்த பிறகுதான் 'சரி, ஏறு'ங்கிறார்."

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தள்ளிப்போயிருப்பேன். அவர் சொன்னதே இல்லை. தெரிந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த சாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கைகட்டி. எங்கள் விமானங்களில் முன்னால் இரண்டு இருக்கைகள். இடதுபக்கம் கற்றுக்கொள்கிறவர், வலதுபக்கம் கற்றுக்கொடுக்கிறவர். இருவருக்கும் தனித்தனியாகத் திருப்பும் பிடி, தனித்தனியாகக் கால்மிதி. மாணவன் தப்புச் செய்தால் மற்ற ஆசிரியர்களின் கை தானாகப் பிடிக்குப் போய்விடும். இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தப்பைச் செய்தவனே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவார். ஆபத்து என்று தெரிந்தால் ஒழியத் தொடமாட்டார். ஒருமுறை விமானத்தின் உட்புறத்தைத் துடைத்தபோது வலதுபக்கத் தரைவிரிப்பில் குதிகால் வைத்துத் தேய்ந்த இரண்டு குழிகளைப் பார்த்தேன். மனுஷர் கையைத்தான் கட்டியிருக்கிறார், கால் எந்நேரமும் தயாராக இருந்திருக்கிறது. அதன் பிறகு அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தனியாகக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

அந்தப் பிள்ளைகள் தரையிறக்குவதைப் பார்க்க வேண்டுமே! தவளை மாதிரித் தாவித் தாவி வரும். எங்கள் மெக்கானிக் அண்ணன் கொட்டகை வாசலில் ஸ்பேனரோடு நின்று எண்ணுவார். "ஒண்ணு... ரெண்டு... அடேயப்பா, மூணு! தம்பி, ஒரே தடவை இறங்கினேன்னு எழுதாதே, மூணுன்னு எழுதிக்க." பையன் முகம் சிவந்து இறங்குவான். கைகட்டி சார் சிரிக்கமாட்டார். "மூணாவது நல்லா இருந்துச்சு. முதல் ரெண்டும் ஏன் அப்படின்னு டீ குடிச்சிட்டே யோசி" என்று மட்டும் சொல்வார்.

அவருக்கும் பயணிகள் போகும் பெரிய விமானத்தை ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. பள்ளிக்கூடம் என்பது வழியில் ஒரு படி. உரிமம் கையில் இருந்தாலே பெரிய கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டுவிட மாட்டார்களாம். எத்தனை மணி நேரம் ஆகாயத்தில் இருந்தாய் என்று கேட்பார்களாம். சொந்தக் காசைக் கொட்டி அத்தனை மணி நேரம் யாரால் பறக்க முடியும்? கற்றுக்கொடுத்தால் மாணவன் பறக்கும் நேரம் ஆசிரியர் கணக்கிலும் ஏறும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அது மாதிரி.

ஆனால் நேரத்துக்காக மட்டும் அவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அவரோடு படித்த சிநேகிதர் ஒருவர் முன்னாலேயே பெரிய கம்பெனிக்குப் போய்விட்டவர். ஒருநாள் பார்க்க வந்து, நான் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று சீண்டினார்.

"டேய் மச்சான், இன்னும் இந்தக் கொசுவுலதான் சுத்திக்கிட்டிருக்கியா?"

"கொசுதாண்டா மனுஷனைத் தூங்க விடாது" என்றார் சார்.

"வெளையாடாத. கிளம்புன எடத்துலயே திரும்பத் திரும்ப எறங்குறே. போரடிக்கல?"

"உனக்கு ஒரு நாளைக்கு உன் தப்பு மட்டும்தாண்டா கிடைக்கும். எனக்கு நாலு பேரோட தப்பு கிடைக்குது. ஒருத்தன் பண்ண மாதிரி இன்னொருத்தன் பண்றதில்ல. இத்தனையையும் நானே பண்ணித் தெரிஞ்சுக்கணும்னா, நான் இந்நேரம் இருந்திருக்கவே மாட்டேன்."

சிநேகிதர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, பக்கக் காற்றில் இறக்குவதைப் பற்றி என்னவோ ஒரு சந்தேகம் கேட்டார். இருவரும் கைகளை விமானம் மாதிரி வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள்.

அந்த வருஷமே சாருக்கு அழைப்பு வந்தது. எழுத்துத் தேர்வில் தேறினார், நேர்காணலில் தேறினார். கடைசியாக சிமுலேட்டர் தேர்வு. அது தரையிலேயே நிற்கும் பொய் விமானம். உள்ளே எல்லாம் மெய் விமானம் மாதிரியே இருக்குமாம், ஆடுமாம், குலுங்குமாம். தேர்வுக்கு வந்தவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பார்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்வார்கள். சாருக்கு வலதுபக்க இருக்கை. பெரிய விமானத்தில் துணை விமானியின் இடமும் அதுவேதானாம். "நம்ம சார் வருஷக்கணக்கா உக்காந்து பழகின எடம். கண்ணைக் கட்டிக்கிட்டுப் போனாலும் ஜெயிச்சிட்டு வருவார்" என்று மெக்கானிக் அண்ணன் பந்தயமே கட்டினார். நானும் அன்றைக்கு விரதம் இருந்தேன்.

திரும்பி வந்தவர் ஒன்றும் சொல்லாமல் ஹெட்செட்டை ஆணியில் மாட்டிவிட்டு மாணவனைத் தேடிப் போனார். எங்களுக்குப் புரிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று அவர் மனைவிதான் சொன்னார். அவர் ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஓடுபாதை வேலிக்குப் பின்னால், விமானம் ஏறும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் வருவார். வேலிக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான், அப்படித்தான் பேசுவோம்.

"இவர் ஓட்டினதுல ஒரு குறையும் இல்லையாம் அக்கா. பக்கத்துல இருந்தவர் ஓட்டும்போதுதான் வெனை. இந்த உயரம் வரைக்கும் இறங்கி, அதுக்குக் கீழ போகாம நில்லுன்னு சொல்லியிருக்காங்க. அவர் நிக்காம இறங்கிக்கிட்டே போறார். உங்க சார் பாத்துக்கிட்டே இருந்திருக்கார்."

"சொல்லலியா?"

"சொல்லல. அந்த ஆளே பாத்து, பதறிப்போய் மேல ஏத்திட்டார். முடிஞ்சதும் தேர்வு வைக்கிறவர், 'நீங்க எப்பப் பாத்தீங்க?'ன்னு இவர்கிட்டக் கேட்டிருக்கார். இது பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். 'தாண்டுறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன் சார்'னு சொல்லியிருக்கு. 'அப்ப ஏன் பேசல?' 'அவரே கண்டுபிடிச்சிடுவார்னு இருந்தேன் சார்.' அதுக்கு அவர் சொன்னாராம், 'இங்க மாணவன் யாரும் இல்ல தம்பி. பின்னாடி முழுக்கப் பயணிங்க. நீங்க நல்ல வாத்தியார். எனக்கு இன்னைக்குத் துணை விமானி வேணும்'னு."

எந்தப் பொறுமையால் என்னைக் கும்பிட விட்டாரோ, அந்தப் பொறுமையே அவரை வாசலில் நிறுத்திவிட்டது.

நர்ஸம்மாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "எனக்கு இது புதுசு இல்ல அக்கா. போன வாரம் பருப்புல ரெண்டாம் தடவை உப்பைப் போடுறேன். அடுப்புப் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருக்கார். சாப்பிட்டா வாயில வைக்க முடியல. ஏன்யா சொல்லலன்னு கேட்டா, 'நீயே கண்டுபிடிப்பேன்னு பாத்தேன்'ங்கிறார்! நான் என்ன அவர்கிட்ட லைசென்ஸ் வாங்கவா குடும்பம் நடத்துறேன்?"

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை வரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதுதான் கடைசி. அதிலும் போனால் அந்தக் கதவு மூடியதுதான். நர்ஸம்மாவின் அண்ணன் வேறு ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்துவிட்டது, ஓரிடமாக உட்கார வேண்டும், இந்தத் தடவை ஆகவில்லை என்றால் அண்ணனிடம் போய்விடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

"அங்கயும் பக்கத்து சீட்டுதான் அக்கா. அவருக்கு ராசியான சீட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து என் காலை வேண்டுதலில் ஒரு வரி கூடியது.

சாருக்கு நேர்ந்த சிக்கல் லேசானது அல்ல. மாணவனோடு பறக்கும்போது வாயைத் திறந்தால் அவன் கற்றுக்கொள்ளமாட்டான். வாயை மூடியே இருந்தால் இவருடைய பழக்கம் போகாது. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். காதில் ஹெட்செட் இருக்கும்வரை அவர் பழைய கைகட்டி. அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால், கண்ணில் பட்ட எந்தத் தப்பையும் பட்ட உடனே வாயால் சொல்லிவிடுவது.

அதற்குப் பிறகு எங்களுக்கெல்லாம் நிம்மதி போயிற்று!

"அக்கா, வாளி."

"என்ன சார் வாளி?"

"வழியில இருக்கு."

நகர்த்துவேன். "அக்கா, துணி நுனி தரையில." தூக்கிச் சொருகுவேன். "அண்ணே, ஷூ லேஸ்." மெக்கானிக் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே குனிவார். "அண்ணே, அந்த டப்பா மூடி." "அண்ணே, டீ ஆறுது."

"என் டீ ஆறினா உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?"

"நஷ்டம் ஒண்ணும் இல்லண்ணே. பாத்தேன், சொன்னேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கைகட்டிக்கு வாய்க்கட்டு அவுந்துபோச்சும்மா. இனி ஆண்டவன்தான் நம்மளக் காப்பாத்தணும்."

வீட்டிலும் அதே கூத்துத்தானாம். துணை விமானிக்கு ஒரு முறை உண்டு. தப்பைப் பார்த்தால் ஒருதரம் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்ல வேண்டும். அதற்கும் பதில் இல்லை, ஆபத்தும் நெருங்குகிறது என்றால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்", அதாவது இனி நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பிடியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நர்ஸம்மா ஏதோ நினைப்பில் மறுபடியும் கரண்டியில் உப்பை எடுத்திருக்கிறார். "உப்பு போட்டாச்சு" என்றாராம் சார். அவர் காதில் விழவில்லை. "உப்பு போட்டாச்சு." அப்போதும் விழவில்லை. சட்டென்று கரண்டியைப் பிடுங்கி, "ஐ ஹேவ் கன்ட்ரோல்!" என்றிருக்கிறார். குழந்தைக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாள் முதல் அப்பாவின் பேனா, அம்மாவின் சீப்பு, எதை எடுத்தாலும் அதே வசனம்தான்.

இதில் ஒரு நல்லதும் விளைந்தது. கூச்சக்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னேனே, அவளுக்கு ஓட்டுவது கைவந்துவிட்டது, ரேடியோவில் பேசத்தான் குரல் வெளியே வராது. ஒருநாள் சார் அவளிடம், "இன்னைக்கு நான் மாணவன், நீ வாத்தியார். நான் தப்பு பண்ணுவேன். பாத்த உடனே சொல்லணும். சொல்லலன்னா தப்பு உன் கணக்கு" என்று சொல்லி அழைத்துப் போனார். இறங்கி வந்தபோது அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "அக்கா, நான் சாரையே அதட்டிட்டேன்!" என்று கொட்டகைக்கே கேட்கும்படி கத்தினாள். அவள் குரல் அத்தனை பெரிது என்று அன்றைக்குத்தான் தெரியும். சார் பின்னால் மெதுவாக வந்தார். "சரியாத்தான் அதட்டுனா. அவ சொன்ன ரெண்டுல ஒண்ணு நான் வேணும்னு பண்ணது இல்ல" என்றார்.

ஆறு மாதம் ஓடிற்று. தேர்வுக்குப் போகும் அன்று அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மெக்கானிக் அண்ணனும் பந்தயம் கட்டவில்லை.

திரும்பி வந்த காலையில் நான் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல மேலிருந்து கீழாகத்தான் துடைப்பேன். வட்டமாகத் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழுந்து, எதிர்வெயிலில் கண் கூசும். அவர் வந்து இறக்கை ஓரமாக நின்றார். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயம்.

"அக்கா, இப்ப நீங்க கைகட்டி ஆயிட்டீங்க. கேக்க வேண்டியதைக் கேளுங்க."

"என்ன ஆச்சு சார்?"

"எடுத்துக்கிட்டாங்க."

துணியைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் அண்ணன் ஓடி வந்தார். சார் நின்றபடியே சொன்னார்.

இந்தத் தடவை பக்கத்தில் வந்தவர் சின்ன வயதுக்காரர். உள்ளே போகும் முன்பே கை நடுங்கிக்கொண்டிருந்ததாம். முதல்முறை மாணவனை ஏற்றும்போது பேசுகிற மாதிரியே இவர் அவரிடம் பேசியிருக்கிறார். "ரெண்டு விரல்ல பிடிங்க, போதும். மூச்சை விடுங்க. அடுத்து என்ன செய்யப்போறோம்னு எனக்கு வாய்விட்டுச் சொல்லுங்க." கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றிருக்கிறது. அப்புறம் இறங்கும்போது அதே கதை. நிற்க வேண்டிய உயரம் நெருங்குகிறது, விமானம் நிற்கிற வழியாக இல்லை.

"அக்கா, சத்தியமா சொல்றேன். உள்ள இருக்கிற வாத்தியார் 'இரு, அவனே பாப்பான்'னு சொன்னான். ஆனா வாய் முந்திக்கிச்சு. 'உயரம்'னு சொன்னேன். அவர் உடனே சரி பண்ணிட்டார்."

"ஒரே ஒரு வார்த்தையா?" என்றார் மெக்கானிக் அண்ணன்.

"ஒரு வார்த்தைதாண்ணே. அதட்டாம, பதறாம. உங்க ஷூ லேஸ்ல பழகினது."

முடிந்ததும் தேர்வாளர் கேட்டாராம், பயந்துபோன ஆளிடம் அவன் பயம் கூடாமல் ஒரு தப்பைச் சொல்ல எங்கே கற்றீர்கள் என்று. குட்டி விமானத்தில் என்று சொன்னாராம் சார். அந்தச் சின்னவரையும் எடுத்துக்கொண்டார்களாம். எனக்கு இதில்தான் பெரிய சந்தோஷம். தான் மட்டும் கரையேறுவது ஒரு மாதிரி. கூட வந்தவனையும் ஏற்றிவிட்டு ஏறுவது ஒரு மாதிரி. கற்றுக்கொடுத்த வருஷங்கள் வீண் என்று இனி யார் சொல்ல முடியும்? அவர் மனைவியின் அண்ணனுக்குத்தான் ஒரு நல்ல வாத்தியார் போய்விட்டார்.

அவர்கள் ஊரைவிட்டுப் போன நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. பள்ளி வாசலில் டாக்ஸி நின்றது. பெட்டிகள் ஏறிவிட்டன. நர்ஸம்மா குழந்தையோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அண்ணன் வேண்டுமென்றே லேஸை அவிழ்த்துவிட்டு வந்து நின்றார். சார் பார்த்த உடனே "அண்ணே, லேஸ்" என்றார். அண்ணன் சிரித்தபடி குனிந்தவர், கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கூச்சக்காரப் பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளும் ஆசிரியருக்கான பயிற்சியில் சேர்ந்திருந்தாள். வலதுபக்க இருக்கை இனி அவளுக்கு.

"கொஞ்சம் இருங்க சார், ஒரு வார்த்தை கும்பிட்டு அனுப்புறேன்" என்று சொல்லி, டாக்ஸி ஓரமாக நின்று கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை என்றுதான் ஆரம்பித்தேன். அவர் ஏறும் விமானம் எல்லாம் நல்லபடியாக இறங்க வேண்டும் என்றேன். குழந்தையின் படிப்பைச் சொன்னேன். நர்ஸம்மாவின் முதுகுவலியைச் சொன்னேன். அப்புறம் அவர் பின்னால் உட்காரப்போகிற முகம் தெரியாத அத்தனை பேரும் நினைவுக்கு வந்தார்கள்.

"அக்கா, நேரமாச்சு."

கேட்டது. ஆனால் பாதியில் எப்படி விடுவது?

"அக்கா, நேரமாச்சு."

இன்னும் கொஞ்சம்தான் என்று இமையை இறுக்கிக்கொண்டேன். கூப்பியிருந்த என் கைகளை அவர் மெல்லப் பிடித்து இறக்கிவிட்டார். கண்ணைத் திறந்தேன். டாக்ஸிக்குள் குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

"ஐ ஹேவ் கன்ட்ரோல் அக்கா. மிச்சத்தை நான் பறக்கும்போது சொல்லிடறேன். அங்கேருந்து சொன்னா அவருக்கு இன்னும் நல்லாக் கேக்கும்."